முதல் தரத் தடம்

ஹாலோவே முகாம் பூங்காவில் முகாம் போடக் கூடாது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நான் சொல்ல வந்தது அது இல்லை. நெடுஞ்சாலையில் போகிற எல்லாரும் அப்படி எழுதியிருக்கிற பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள். மூன்று மேசை, ஒரு கழிப்பறை, ஒரு அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான் பூங்கா. 1852 ஆகஸ்டில் மேற்கே ஆரிகனில் குடியேறப் போன மாட்டுவண்டிக் கூட்டம் ஒன்று இங்கே ஒரு ராத்திரி தங்கியதாம். மறுநாள் காலையில் போய்விட்டார்கள். நாங்கள்தான் இன்னும் அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

என் பெயர் ஆர்டித். இந்தப் பூங்காவைக் காக்கிற வண்டித்தடப் பாதுகாப்புச் சபைக்கு நான் எழுத்தர். கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் எழுதிக்கொள்வது என் வேலை. பதினாறு வருடமாக எழுதுகிறேன். ஆர்லோ ஃபென்ஸ்கிக்கு நடந்ததையும் நான்தான் எழுதினேன், சபை சொன்னபடி. இது சபை சொல்லாதபடி.

கூட்டம் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நூலகத்தின் பின்னறையில் நடக்கும். காப்பி இருக்கும், யாராவது ஒருவர் கேரட் துருவிப்போட்ட பச்சை ஜெல்லி கொண்டுவந்திருப்பார். தலைவி மேவிஸ் ப்ளெட்சோ. அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா அந்த வண்டிக்கூட்டத்தில் வந்தவர். அந்த மனிதர் நாட்குறிப்பு வைத்திருந்தார். இந்த இடத்தைப் பற்றி அதில் மொத்தம் நாலே சொல்: "கெட்ட தண்ணீர். கொசு. கிளம்பினோம்." இதை வாசித்துத்தான் ஒவ்வொரு கூட்டமும் தொடங்கும். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். கொசு வரும்போது மேவிஸுக்குக் குரல் கம்மிவிடும்.

ஆர்லோவின் வீடு பூங்காவுக்குப் பின்னால் அரை மைலில் இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் எரிமலைக் கருங்கல். ஆடு போகலாம், வண்டி போகாது. நெடுஞ்சாலையிலிருந்து பூங்கா வழியாகப் போகிற ஒரே மண்பாதைதான் அவருக்கு வழி. பூங்கா இருக்கிற ரெண்டு ஏக்கரே அவருடைய அப்பா 1964-இல் சும்மா கொடுத்தது. "பாதை மட்டும் எங்களுக்கு எப்பவும் இருக்கணும்" என்றாராம். "அதுக்கென்ன" என்று கை குலுக்கினார்களாம். கை குலுக்கியதை யாரும் எழுதி வைக்கவில்லை.

2000 செப்டம்பரில் தலைநகரிலிருந்து டாக்டர் ஸ்ப்ராக் என்று ஒருவர் வந்தார். தட நிபுணர். பழைய வண்டித்தடங்களைத் தேடிப் பிடித்துத் தரம் பிரிப்பது அவர் தொழில். வண்டிக்கூட்டங்களுக்குப் பிறகு வேறு எந்தச் சக்கரமும் படாத தடம் முதல் தரம். பிறகு சக்கரம் பட்டிருந்தால் இரண்டாம் தரம். பட்டுப் பட்டு ஒன்றும் மிஞ்சாமல் போனது மூன்றாம் தரம். அதற்கும் பலகை உண்டு. மாநிலத்தில் முதல் தரம் ஏழே இடத்தில்தான் இருந்தது. எட்டாவது நாமாக இருக்க வேண்டும் என்று மேவிஸ் பல வருடமாக உருகிக்கொண்டிருந்தார்.

ஆர்லோவின் மண்பாதையில் ஒரு தாழ்வான இடம் உண்டு. அங்கே முழங்கால் ஆழத்துக்கு ரெண்டு தடம் பதிந்திருக்கும். ஸ்ப்ராக் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். மண்டியிட்டார். அளந்தார். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். தடத்துக்குள்ளிருந்து கருப்பாக, கிழிந்துபோன ஒன்றைத் தோண்டி எடுத்துப் பஞ்சில் வைத்தார். அது லாரியின் மட்கார்டு ரப்பர் என்பது லாரி வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். "காளைத் தோல், பதப்படுத்தியது" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பாதையின் குறுக்கே கயிறு கட்டியாயிற்று. அடுத்த கூட்டத்துக்கு ஆர்லோ வந்தார். அறுபத்தாறு வயது, நெட்டையான ஆள், எங்கே போனாலும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரமாக நிற்பவர். கொசு வாசித்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாக நின்றார்.

"மேவிஸ், ஏதோ தப்பு நடந்துபோச்சு. அந்தத் தடத்தைப் போட்டதே நான்தான்."

யாரோ ஒருவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எண்பத்தி மூணு ஏப்ரல்ல," என்றார் ஆர்லோ. "ஒன்பது நாள் விடாம மழை. அப்ப மாடு வச்சிருந்தேன். வைக்கோல் லாரி அச்சு வரைக்கும் புதைஞ்சு போச்சு. மூணு நாள் முன்னாடியும் பின்னாடியும் ஓட்டி ஓட்டித்தான் எடுத்தேன். அப்பதான் அந்த ரப்பரும் பிய்ஞ்சு விழுந்துச்சு. நானே தேடிட்டிருந்தேன்."

ஸ்ப்ராக் நோயாளியைப் பார்க்கிற மாதிரி அன்பாகப் பார்த்தார். "ஆர்லோ, வருத்தப்படாதீங்க. நிறைய பேருக்கு இப்படித் தோணும். தினமும் பார்த்துப் பார்த்து, வரலாறு தன்னோடதுன்னே நினைச்சுக்குவாங்க."

"வரலாறு இல்ல சார். ஃபோர்டு."

"தடத்துக்கும் தடத்துக்கும் நடுவுல இருக்கிற அகலம் சரியா மாட்டுவண்டி அகலம்."

"லாரி அகலமும் ஏறக்குறைய அதேதான் சார். ரெண்டும் ஒரே ரோட்டுல போகணுமில்ல?"

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. முதல் தரத்துக்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: "பிற்காலச் சக்கரம் பட்டதுண்டா? ஆம் / இல்லை." ஆர்லோவோ தினம் ரெண்டு தடவை அந்தப் பாதையில் போய் வந்துகொண்டிருந்தவர். எனக்கு இது புரிந்தது, ஜெல்லி கொண்டுவந்தவருக்குக்கூடப் புரிந்தது. மேவிஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் யோசித்தார். பிறகு தான் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார்: ஆர்லோ ஃபென்ஸ்கி என்பவர் 1852-க்குப் பிறகு எந்த ஒரு நாளிலும் மேற்படி தடத்தில் வண்டி ஓட்டியதில்லை என்று இச்சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.

"அவர் பிறந்ததே முப்பத்தி நாலுல மேவிஸ்," என்றேன்.

"எதுக்கும் முன்னாடியிருந்தே போட்டு வை ஆர்டித். பின்னாடி கேள்வி வரக் கூடாது."

ஆர்லோ தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அப்ப முப்பது வருஷமா நான் வீட்டுக்கு எப்படிப் போனேன்?"

"அது உங்க சொந்த விஷயம் ஆர்லோ," என்றார் மேவிஸ். "யாரோட சொந்த விஷயத்துலயும் இந்தச் சபை தலையிட்டதே இல்ல."

கை தூக்கினார்கள். ஏழுக்கு ஏழு. எழுத்தருக்கு ஓட்டு இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே இப்போது பதில் சொல்லப் பிடிக்கவில்லை.

அக்டோபரில் முதல் தரம் கிடைத்தது. கயிறு இருந்த இடத்தில் இரும்பு வேலி வந்தது. திறப்பு விழாவில் மேவிஸ் நீல ரிப்பனை வெட்டிவிட்டுப் பேசினார். வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

"நம்ம முன்னோர் வேலின்னா என்னன்னே தெரியாதவங்க. யார்கிட்டயும் அனுமதி கேக்காம, போக வேண்டிய இடத்துக்கு வண்டியை ஓட்டிக்கிட்டுப் போனவங்க. அந்தச் சுதந்திர உணர்வைக் காப்பாத்தத்தான் இந்த வேலி. இதைத் தாண்டணும்னா இனிமே மூணு படிவம் நிரப்பணும். ஒவ்வொண்ணும் நாலு பிரதி. அவங்க பட்ட கஷ்டத்துல ஆயிரத்துல ஒரு பங்காவது நாமளும் படணுமில்லையா?"

கைதட்டினார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் ஆர்லோவும் அவர் மனைவி டெல்ஃபாவும் நின்றிருந்தார்கள். டெல்ஃபாவுக்கு அந்த வருடம்தான் இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. நாலுகால் ஊன்றுகோல் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடை. அரை மைல் நடந்து வந்தவர், விழா முடிகிற வரைக்கும் அதன் மேலேயே சாய்ந்து நின்றார்.

அந்த வீட்டுக்குச் சூடு எரிவாயுவில். கொல்லையில் வெள்ளையாக ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. இலையுதிர் காலத்தில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். நவம்பர் வந்தும் லாரி வரவில்லை. டெல்ஃபா கம்பெனிக்குப் போன் போட்டதை அவரே எனக்கு நடித்துக் காட்டினார்.

"மேடம், உங்க வீட்டுக்கு ரோடே இல்லைன்னு இருக்கே?"

"போன வருஷம் உங்க லாரி வந்துச்சேம்மா."

"வந்ததா இருந்துச்சு மேடம். ஏதோ ஒரு சபையிலருந்து லெட்டர் வந்துச்சாம், தப்பா பதிஞ்சிருக்கு, திருத்துங்கன்னு. திருத்திட்டோம். இப்ப நாங்க வந்ததே இல்ல."

அந்த லெட்டரைத் தட்டச்சு செய்தது யார் என்று டெல்ஃபா கேட்கவில்லை. காப்பி ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்குள்ளேயே கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்லோ தொழுவத்து மரக்கம்பங்களை அறுத்து எரித்தார். சின்ன சிலிண்டர்களைத் தோளில் தூக்கிப் போனார். டெல்ஃபாவை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றால் பனியில் சறுக்குப் பலகையில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு வந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தியிருந்த பிக்கப் வண்டியில் ஏற்றுவார். பலகையில் சக்கரம் இல்லை, ஆகவே விதிமீறலும் இல்லை என்று அவர் நினைத்திருந்தார். பாவம்.

பிப்ரவரி கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. ரெண்டு மணி நேரம். சறுக்குப் பலகை தடத்தைக் கீறுகிறதா, தடவுகிறதா? ஸ்ப்ராக் ஒன்பது பக்கத்தில் அறிக்கை அனுப்பியிருந்தார்: தடவுகிறது, ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து பார்க்கிறவர்களின் வரலாற்று அனுபவத்தைக் கெடுக்கிறது. கடைசியில் சபை மனமிரங்கியது. டெல்ஃபாவை இழுத்துப் போகலாம், ஆனால் அவர் அந்தக் காலத்துப் பெண்கள் மாதிரி துணித்தொப்பியும் நீளப் பாவாடையும் அணிந்திருக்க வேண்டும்.

செய்தியைச் சொல்ல மேவிஸே டெல்ஃபாவுக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லாரும் கேட்டோம்.

"போட்டுக்கறேன் மேவிஸ்," என்றார் டெல்ஃபா. "எரிவாயு லாரிக்காரனையும் தொப்பி போட்டுக்கச் சொல்றேன். அவனை விடுவியா?"

"டெல்ஃபா, இது கேலி பண்ற விஷயம் இல்ல."

"எனக்குக் கால் விரல்ல உணர்ச்சியே இல்ல மேவிஸ். கேலி பண்றது யாருன்னு தெரியல."

மேவிஸ் போனை வைத்துவிட்டு, "பாவம், வயசாகுது," என்றார். ஜெல்லியைச் சுற்றி அனுப்பினார்கள்.

இப்படியே ரெண்டு குளிர்காலம் போனது. ரெண்டாவதில் அவர்கள் வீட்டை மூடிவிட்டு, சமையலறையில் மட்டும் கட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஆர்லோ ஆறு தடவை மனு கொடுத்தார். ஆறையும் வாங்கி, முத்திரை குத்தி, கோப்பில் வைத்தேன். சட்டப்படி வழக்குப் போடலாமே என்று ஒரு தடவை அவரிடம் மெல்லச் சொன்னேன். வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். "நான் அந்த ரோட்டை உபயோகிச்சேன்னு காட்டணுமாம் ஆர்டித். இல்லைன்னு கவர்மென்ட் பேப்பரே இருக்குதேங்கறாரு," என்றார். அந்தப் பேப்பர் என் கையெழுத்து.

2002 வந்தது. வண்டிக்கூட்டம் தங்கி நூற்றைம்பது வருடம். ஆகஸ்ட் விழாவுக்கு ஆளுநர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஏப்ரல் முதல் வாரம் பனி உருகியதும் சபை முழுவதும் தடத்தைப் பார்க்கப் போனது. நானும் போனேன்.

தடம் இல்லை.

ஒன்றரை வருடமாக ஒரு சக்கரமும் படவில்லை அல்லவா? காற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது, புல் மூடியிருந்தது. சாதாரண மேய்ச்சல் நிலம் மாதிரி, அழகாகத்தான் இருந்தது. வேலியும் பலகையும் வெறும் புல்லைக் காவல் காத்துக்கொண்டிருந்தன. நூற்றைம்பது வருடம் அழியாத தடம் இந்தப் பதினெட்டு மாதத்தில் எப்படி அழிந்தது என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

"தடம் ஓய்வெடுக்குது," என்றார் ஸ்ப்ராக், கொஞ்சம் யோசித்துவிட்டு.

"ஆகஸ்டுக்குள்ள எழுந்திரிக்குமா?" என்றார் மேவிஸ்.

ஆர்லோ வேலி ஓரமாக வந்து நின்றிருந்தார். "மேவிஸ், ரெண்டு வாரம் என் லாரியை விடு. மழை வரப் போகுது. ரெண்டே வாரம். தடம் தானா வந்துடும்."

மேவிஸின் முகம் சிவந்தது. "முதல் தரத் தடத்துல லாரியா? உங்களுக்கு மரியாதைன்னு ஒண்ணு தெரியுமா ஆர்லோ?"

அடுத்த செவ்வாய்க்கிழமை சபை ஒப்பந்த அறிவிப்பு வெளியிட்டது. "தட மீட்புப் பணி. தகுந்த எடையுள்ள வாகனத்தைத் தடத்தின் மீது திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் பழைய ஆழத்தை மீட்டுத் தர அனுபவம் வாய்ந்தவர்கள் தேவை." ஆர்லோ விண்ணப்பித்தார். என் மேசையில் உட்கார்ந்துதான் நிரப்பினார். முன் அனுபவம் என்ற இடத்தில், "இதே தடம், முப்பத்தோரு வருடம்" என்று எழுதினார். நிராகரிக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரர் மேற்படி தடத்தில் எந்நாளும் வண்டி ஓட்டியதில்லை என்பது சபையின் தீர்மானத்தால் நிறுவப்பட்ட உண்மை, பொய்த் தகவல் தந்திருக்கிறார்.

தலைநகரிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. ரெண்டு ஆள், ஒரு வாடகை லாரி. ஓட்டுநர் பெயர் கேல், நல்ல பையன் மாதிரிதான் இருந்தார், முப்பது வயது இருக்கும். வேலியைத் திறந்துவிட்டார்கள். லாரி ஆர்லோவின் வாசல் வரை போய்த் திரும்பி வரும், மறுபடி போகும். ஒரு நாளைக்கு நாற்பது நடை. வெறும் லாரி. ரெண்டு குளிர்காலமாக எந்த லாரிக்காகக் காத்திருந்தார்களோ, அது இப்போது கால்மணிக்கு ஒரு தடவை வாசலில் வந்து திரும்பியது. டெல்ஃபா முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வர்றப்ப ரெண்டு சிலிண்டர் போட்டுக்கிட்டு வர்றியா? நெடுஞ்சாலையோரம் வச்சிருக்கேன்," என்று கேட்டார் ஆர்லோ.

கேல் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். "வர்றப்ப முடியாது சார். அந்த வண்டிக்கூட்டத்துக்காரங்க மேற்கால போனவங்களாம். அதனால மேற்கால போறப்ப மட்டும்தான் சுமை ஏத்தலாம். கிழக்கால திரும்பறப்ப காலியா வரணும்னு போட்டிருக்கு."

வீடு கிழக்கே. நெடுஞ்சாலை மேற்கே.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. தடம் பதிய ஆரம்பித்தது, ஆனால் ஆழம் போதவில்லை. ஸ்ப்ராக் குடையோடு வந்து அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சுமை வேண்டும். கேல் மணல் மூட்டை ஏற்றலாம் என்றார். "மணல் மூட்டைக்கு ஏது வரலாறு?" என்றார் ஸ்ப்ராக். ஒரு குடும்பம் வீட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்புகிறபோது எடுத்துப்போகிற சாமான்கள்தான் வேண்டுமாம். கட்டில், அடுப்பு, பெட்டி, மாவு மூட்டை, நாற்காலி. அந்த எடைக்குத்தான் மண் சரியாக வழிவிடுமாம். இவ்வளவும் இந்த மழையில் எங்கே போய்த் தேடுவது என்று மேவிஸ் கையைப் பிசைந்தார். இதெல்லாம் ஆர்லோவின் வாசலில் நின்றுகொண்டு பேசியது. குடை பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

டெல்ஃபா நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து நிற்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஆர்லோ, கட்டிலைப் பிரி."

"டெல்ஃபா."

"இன்னொரு குளிரு என்னால ஆகாது. உன்னாலயும் ஆகாது, நீ வாயைத் திறந்து சொல்ல மாட்டே. இந்த ஊர்ல சாமானை உள்ளே கொண்டுவரத்தான் தடை. வெளிய கொண்டுபோக ஆள் வச்சு லாரி விட்டிருக்காங்க. பிரி."

ஆர்லோ எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அரை நிமிடம் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் நோட்டில் விழுந்த மழைத்துளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போனார். கேலும் கூட வந்த ஆளும் உதவினார்கள். கட்டில் வந்தது, அடுப்பு வந்தது, துணிப்பெட்டி, தையல் மிஷின், மாவு டப்பா, சுவர்க்கடிகாரம் வந்தது. மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன ஒரு ஒத்துழைப்பு!" என்று என்னிடம் கிசுகிசுத்தார். "இதையும் எழுதிக்கோ."

டெல்ஃபாவைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். ஸ்ப்ராக் கேமராவோடு ஓடி வந்தார்.

"கொஞ்சம் சிரிக்காம இருங்க மேடம். அந்தக் காலப் படத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க."

"நான் எங்கய்யா சிரிச்சேன்?" என்றார் டெல்ஃபா.

லாரி நகர்ந்தது. தாழ்வான இடத்தில் அச்சு வரைக்கும் புதைந்தது. கேல் அழுத்தினார், சேறு பறந்தது, முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி. ஆர்லோ இறங்கி, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கையைக் காட்டி, பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார். தலை முதல் கால் வரை சேறு. கடைசியில் லாரி உறுமிக்கொண்டு ஏறி வந்தபோது அதன் பின்னால் ரெண்டு தடம், முழங்கால் ஆழத்துக்கு. ஸ்ப்ராக் சேற்றிலேயே மண்டியிட்டார். தன் வாழ்நாளில் இவ்வளவு அசலான தடத்தைப் பார்த்ததில்லை என்றார்.

நெடுஞ்சாலையோரம் ஒரு கடைசிப் படிவம் இருந்தது. மீட்பின் உண்மைத்தன்மைக்காகச் சுமையின் விவரம் பதிய வேண்டும். குடும்பத்தின் பெயர், சாமான்கள், கிளம்பிய காரணம். காரணத்துக்கு எதிரே குறியிட மூன்று கட்டம் இருந்தது: நல்ல நிலம் தேடி, தங்கம் தேடி, இறைவனைத் தேடி. கீழே பிற என்று ஒரு கோடு. நான் லாரியின் ஜன்னலுக்குப் போனேன். பேனா மழையில் வழுக்கியது.

"ஆர்லோ, என்னன்னு போடட்டும்?"

அவர் டெல்ஃபாவின் காலில் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "வீட்டுக்குப் போக வழி இல்லைன்னு போடு ஆர்டித்."

பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, சபையைக் கேட்காமல், ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே அந்தக் கோட்டில் எழுதினேன். லாரி திரும்பி மேற்கே போனது. மேவிஸ் என் கையிலிருந்து படிவத்தை வாங்கிப் படித்தார். பேனாவையும் வாங்கினார். அந்த வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, நல்ல நிலம் தேடி என்ற முதல் கட்டத்தில் குறியிட்டார்.